நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாள்

என் அண்ணனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வார்னிஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் அவன். ஆள் வந்து சேருவதற்கு முன்னாலேயே அவன் வாசனை வந்து அழைப்பு மணி அடித்துவிடும். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்து ஏமாந்துபோனார்கள். "தொழிலைச் சொல்லித்தானே கூப்பிடுறாங்க, திருட்டுப் பயன்னா கூப்பிடுறாங்க?" என்று சிரித்துவிட்டான். எங்கள் வீட்டில் கோபம் முழுவதும் என் பங்குக்கு வந்துவிட்டது போல.

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரைத் தடவிப் பார்ப்பான். "பட்டி சரியா தேய்க்கல" என்று, பெயிண்டுக்கு முன்னால் சுவரில் பூசித் தேய்க்கிற மாவைக் குறை சொல்லி முணுமுணுப்பான். அண்ணி அவன் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளுவாள். கண்ணால் பார்ப்பதை அவன் பாதிதான் நம்புவான், மீதியைக் கையால் தொட்டால்தான் நம்புவான். சுவர் தேய்க்கிற உப்புத்தாளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, அதன் சொரசொரப்பு எத்தனாம் நம்பர் என்று சொல்வான். இது ஒரு பெரிய வித்தையா என்று நான் கேட்டால், "நீ பார்சல் ஒட்டுற டேப்பைக் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு பார்ப்போம்" என்பான். கூரியர் அலுவலகத்தில் பார்சல் ஒட்டுவது என் வேலை.

கீழ்வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்கள் பெண் மூவரும் இருக்கிறார்கள். மாடியில் அவன் தங்கை நான். இரண்டாம் வகுப்பு படிக்கிற என் மருமகளுக்கு நான் வைத்த பெயர் வாலு. ஏன் அந்தப் பெயர் என்று அவளோடு கால் மணி நேரம் இருந்தவர்கள் யாரும் கேட்டதில்லை.

அப்பனுக்கும் மகளுக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டு வேலை முடிந்தால், அந்த வீட்டு நிறத்தில் ஒரு சொட்டை மூடியில் ஊற்றிக்கொண்டு வருவான். வாலு ஆள்காட்டி விரலை அதில் தோய்த்து, சாமான் அறைக் கதவின் பின்பக்கத்தில் ஒரு பதிவு வைப்பாள். கதவு முழுக்க விரல்தான். "இது பல் டாக்டர் வீடு, இது குரைக்கிற நாய் வீடு, இது அப்பாவுக்குத் தண்ணி கூடத் தராத வீடு" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவாள். ஒன்று கூடத் தப்பாது. பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் அவள் மண்டையில் நிற்காது.

அன்றைக்கு அவன் ஓர் இரும்பு கேட்டுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு வந்தான். செங்கல் நிறம். வாலு வழக்கம்போல விரலைப் பதித்தாள். பிறகு அவன் மண்ணெண்ணெய்த் துணியால் அந்த விரலைத் துடைத்துவிட்டான். சாப்பிட்டுத் தூங்கினார்கள்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தவள் பையைக் கழற்றக்கூட இல்லை. தலை வலிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள், உடம்பு அனலாகக் கொதித்தது. ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று அண்ணி நினைத்தாள். மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துப் படுக்க வைத்தாள். அடுத்த நாள் காலையில் சட்டையை மாற்றும்போதுதான் பார்த்தார்கள். கழுத்தைச் சுற்றியும் நெஞ்சிலும் பொடிப்பொடியாகச் சிவந்திருந்தது.

என் அண்ணன் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டான் என்று அண்ணி பிறகு சொன்னாள். குழந்தையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், மறுபடி குழந்தையைப் பார்த்தான். செங்கல் நிறத்தில் கதவில் ஒரு விரல். அதே சிவப்பு கழுத்திலும் இருந்தது. அவனுக்கு அதுவே போதும். தன் பெயிண்டுதான் பிள்ளையின் உடம்பில் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான்.

நான் அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, என் அண்ணன் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து முழங்கையைப் பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான். வேலைக்கு உடுத்தும் துணியையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி வெளியே வைத்திருந்தான்.

"என்னண்ணே இது, தோலையே உரிச்சுடுவ போலிருக்கே?"

"கிட்ட வராத. என் மேல இருக்கிறது விஷம். புள்ளைய நானே கெடுத்துட்டேன்."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டி என்ன சொல்றது? அப்பனே புள்ள விரல்ல விஷத்தத் தடவுனேன்னா? தூசி உள்ள போயிருக்கு, எண்ணெய் தேய்ச்சா வெளிய வந்துரும். உங்க அண்ணி தேய்ச்சுட்டிருக்கா. நான் இனிமே இந்த வேலைக்கே போகல. கிடங்குல வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லியிருக்கேன்."

உள்ளே போனேன். சாமான் அறைக் கதவு பளீரென்று வெள்ளையாக இருந்தது. மனுஷன் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதன்மேல் பிரைமர் என்கிற முதல் பூச்சை அடித்திருக்கிறான். பல் டாக்டர் வீடு, நாய் வீடு, தண்ணீர் தராத வீடு எல்லாம் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டப்பாவைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் ஆத்திரம் அடங்கிப்போனது.

வாலு வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். அதைவிடப் பயமான அறிகுறி எனக்குத் தேவையில்லை. எண்ணெயில் நனைந்த முதுகைத் தடவிக் கொடுக்கலாம் என்று கையை வைத்தேன். சட்டென்று எடுத்துவிட்டேன். எண்ணெயையும் மீறி அந்தத் தோல் சொரசொரவென்று இருந்தது.

"அண்ணே, இங்க வா. தொட்டுப் பாரு. உப்புத்தாள் மாதிரி இருக்கு."

"நான் தொட மாட்டேன்."

"தொடுடா!" அண்ணனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அண்ணிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

நாரால் தேய்த்துச் சிவந்த கையோடு வந்தான். ஒரு விரலை மட்டும் மகளின் முதுகில் வைத்தான். அவன் உதடு தன்னையறியாமல் அசைந்தது.

"நூத்தி இருபது" என்றான். உடனே முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். "நான் சொல்லல? பட்டித் தூசிதான். தோலுக்குள்ள போய் உக்காந்துருச்சு."

இந்த உலகத்தில் ஒரு பெயிண்டர் மட்டும்தான் இப்படி நினைக்க முடியும். அழுகிற ஆளிடம் வாதம் செய்து பிரயோஜனம் இல்லை என்று நான் வாலுவின் பக்கம் திரும்பினேன். "தண்ணி குடிக்கிறியா கண்ணு?" என்றேன். தலையை ஆட்டி மறுத்துத் தொண்டையைக் காட்டினாள். முழுங்க முடியவில்லை. நாக்கை நீட்டச் சொன்னேன். வெள்ளையாக மாவு படிந்த மாதிரி இருந்தது. அதற்குள்ளிருந்து சிவப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன.

"தூசி தொண்டைய வலிக்க வைக்குமா? காய்ச்சல் கொண்டுவருமா?" என்று அண்ணியைக் கேட்டேன். அண்ணி எழுந்தாள். பிள்ளைக்குச் செருப்பை மாட்ட ஆரம்பித்துவிட்டாள். நல்ல கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன கிளினிக். அங்கே இருக்கிற டாக்டரம்மா அதிகம் பேசமாட்டார். சட்டையை விலக்கிப் பார்த்தார், விரலால் தடவினார். முழங்கை மடிப்பில் கோடு கோடாகச் சிவந்திருந்ததைக் காட்டினார். "கன்னம் ரெண்டும் எப்படிச் சிவந்திருக்கு, வாயச் சுத்தி மட்டும் எப்படி வெளுத்திருக்கு பாருங்க" என்றார். வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார்.

"வகுப்புல யாருக்காவது தொண்டை வலியா பாப்பா?"

வாலு கஷ்டப்பட்டுப் பேசினாள். "பொக்கைக்கு." முன்பல் இரண்டும் விழுந்த அவள் சிநேகிதிக்கு வைத்த பேர் அது. "நானும் அவளும் ஒரே பீப்பிய மாத்தி மாத்தி ஊதுனோம்."

டாக்டரம்மா சிரித்தார். கதவோரம் நின்றிருந்த என் அண்ணன் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கோர்ட்டில் நிற்கிறவன் மாதிரி ஆரம்பித்தான்.

"டாக்டர், நான் ஒண்ணு சொல்லணும். முந்தாநாள் இவ விரல்ல நான்தான் பெயிண்ட் வச்சேன்."

"எந்த விரல்?"

காட்டினான். டாக்டரம்மா அந்த விரலை விளக்கின் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உடம்பு பூரா சிவந்திருக்கு. இந்த விரல்ல ஒண்ணுமே இல்லையே. பெயிண்ட் ஒத்துக்கலேன்னா பட்ட இடத்துலதானே முதல்ல வரணும்? இது ஸ்கார்லெட் ஃபீவர். தொண்டையில பாக்டீரியா வந்து உக்காந்துக்கிட்டு உடம்பு பூரா சிவக்க வைக்குது. இருமல், தும்மல், எச்சில் வழியா ஒரு புள்ளகிட்டருந்து இன்னொரு புள்ளைக்குத் தொத்தும். நல்ல மருந்து இருக்கு."

"அப்ப பெயிண்ட் இல்லையா?"

"இல்லை."

"தூசி?"

"இல்லை."

"ரெட் ஆக்சைடு?"

"ஏங்க, எத்தனை தடவை சொல்றது?" என்றார் டாக்டரம்மா. "அதுக்காக பெயிண்ட் புள்ளைங்க விரலுக்கு நல்லதுன்னு நான் சொல்லமாட்டேன். மண்ணெண்ணெயும் கூடாது. விளையாடியே ஆகணும்னா தண்ணில கரையிற பெயிண்டா வைங்க, உடனே சோப்பு போட்டுக் கழுவுங்க."

பரிசோதனையிலும் அதே கிருமிதான் என்று வந்தது. மருந்து எழுதும்போது அவர் பேனாவை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுரும், புள்ள குதிக்க ஆரம்பிக்கும். அப்பதான் எல்லாரும் மருந்த நிறுத்துவாங்க. பத்து நாளும் குடுக்கணும். பாதியில விட்டா பின்னால இதயத்தைப் பாதிக்கலாம். காய்ச்சல் போய், மருந்து ஆரம்பிச்சு ஒரு முழு நாளாவது ஆன பிறகு ஸ்கூலுக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் டம்ளர், தட்டு தனியா இருக்கட்டும். மூச்சு திணறினாலோ, தண்ணியே குடிக்க முடியலேன்னாலோ, ஒண்ணுக்கு கறுப்பா போனாலோ உடனே தூக்கிட்டு வாங்க."

வெளியே வந்ததும் என் அண்ணன் கிளினிக் படியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நோயின் பெயர் தெரிந்துவிட்டது, மருந்தும் கையில் இருக்கிறது. இனி என்ன? அவன் படியின் ஓரத்துச் சுவரைத் தடவிக்கொண்டு, "இங்க பட்டி நல்லா போட்டிருக்கான்" என்றான். சரி, ஆள் பிழைத்துக்கொண்டான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சண்டை. பொக்கை வீட்டில் சொல்ல வேண்டும் என்றான் அண்ணன். அண்ணிக்கு அதில் விருப்பமில்லை.

"தொத்து நோய்னு தெரு பூரா தமுக்கு அடிக்கணுமா? நாளைக்கு நம்ம புள்ளகூட யாரும் விளையாட விடமாட்டாங்க."

"அந்தப் புள்ளையும் நம்ம புள்ள மாதிரி படுத்துக் கிடந்தா? அவங்களும் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டிருந்தா?"

அவன் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனான். பொக்கையின் வீட்டு ஹாலுக்கு இளம்பச்சை அடித்தவன் அவன்தான். பொக்கையின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"எங்க பொண்ணுதான் உங்க பொண்ணுக்குக் குடுத்தான்னு சொல்ல வந்தீங்களா?"

"யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு அந்தக் கிருமிக்கே தெரியாதுங்க. ஒரே பீப்பி, ரெண்டு வாயி. உங்க பொண்ணு தொண்டைய ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிருங்க. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

அந்த அம்மா போன தடவை இருமலுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த மருந்தைத்தான் மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டிலை என்னிடம் காட்டினார், பத்து நாளுக்கு வேண்டிய இடத்தில் அதில் இரண்டு வாய்க்குத்தான் இருந்தது. அன்றே கிளினிக்குக் கூட்டிப் போனார். பள்ளிக்கும் அண்ணன் போன் செய்து சொன்னான். வகுப்பு டீச்சர் கவனித்துப் பார்த்ததில் இன்னும் ஒரு பையன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அவனும் மருந்து சாப்பிட்டான். பீப்பியைக் குப்பையில் போட்டதுதான் வாலுவுக்குப் பெரிய துக்கம்.

டாக்டரம்மா சொன்ன மாதிரியே நடந்தது. இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. நாக்கின் வெள்ளை உரிந்து, உள்ளே பழம் மாதிரி சிவப்பாகத் தெரிந்தது. வாலு அதைக் கண்ணாடியில் பார்த்து ரசித்தாள், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் ஜன்னல் வழியாக நீட்டிக் காட்டினாள். அதற்கடுத்த நாட்களில் பேச்சும் திரும்பி, குதிப்பும் திரும்பி, வீடு மறுபடி வீடாகிவிட்டது. அப்போதுதான் அண்ணி மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நல்லாத்தானே இருக்கா. எதுக்கு இன்னும் ஊத்தணும்? வயிறு கெட்டுப்போகும்."

"பிரைமர் அடிச்சதும் சுவர் பாக்க நல்லாத்தான் இருக்கும்" என்றான் அண்ணன், கரண்டியை நீட்டியபடி. "அதோட விட்டுட்டு வந்தா ஒரு மழைக்குத் தாங்குமா? ரெண்டாவது கோட் அடிக்காம நான் எந்த வீட்டையாவது விட்டிருக்கேனா?"

அண்ணி கரண்டியில் மருந்தை ஊற்றினாள். கசப்பு என்று ஓடுகிற வாலுவைத் துரத்திப் பிடிப்பது என் வேலை. துரத்துவது ஏன் என் வேலை என்றால், என் அண்ணன் அவளைத் தொடுவதில்லை.

ஆமாம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது அவன் காதில் ஏறியது, கையில் ஏறவில்லை. வாட்ச்மேன் பேச்சு ஒருவழியாக அடங்கி வேலைக்குப் போனான். ஆனால் திரும்பி வந்து கொல்லையில் குளித்து, உடை மாற்றி, மறுபடி கையைக் கழுவினால்தான் வாசலுக்குள் வருவான். வந்தாலும் கட்டிலுக்கு எட்டத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவான். முன்பெல்லாம் கேட் சத்தம் கேட்டதும் அவன் கழுத்தில் தொங்குகிற பிள்ளை, இப்போது அறை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். வெள்ளைக் கதவைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கும் அப்பாவோடு பேச்சு குறைந்துவிட்டது. மருந்து அவள் தொண்டையைக் குணமாக்கிவிட்டது. இவனை எந்த டாக்டரிடம் காட்டுவது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மருந்து முடிந்து, வாலு பள்ளிக்குப் போக ஆரம்பித்து நாளாகிவிட்டது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் நான் கீழே உட்கார்ந்து அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தேன். வாலு வந்து விரல்களை நீட்டினாள்.

"அத்தே, என் விரல் உரியுது."

பார்த்தேன். எல்லா விரல் நுனியிலும் தோல் மெல்லிசாகக் கழன்றுகொண்டிருந்தது. ஆள்காட்டி விரலில்தான் அதிகம். அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னைக் கேட்காமல் அண்ணனுக்குப் போன் போட்டாள். நானாக இருந்தால் டாக்டருக்குத்தான் போட்டிருப்பேன்.

அடுத்த தெருவில்தான் அவனுக்கு அன்று வேலை. ஏணியிலிருந்து எப்படி இறங்கினானோ தெரியாது, தலைமுடியிலும் புருவத்திலும் பட்டித் தூசியோடு, வெள்ளைப் பூதம் மாதிரி வாசலில் வந்து நின்றான். குளிக்கவில்லை, மாற்றவில்லை. "எங்க, எந்த விரல்?" என்றான். பார்த்தான். பெயிண்ட் உரிந்தால் அடியில் ஈரம் இருக்கிறது, உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்பது அவன் தொழிலின் பாலபாடம். மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அவன் பின்னால் நானும் அண்ணியும் நாக்கு வெளியே தள்ள ஓடினோம்.

"டாக்டர், திரும்ப வந்துருச்சு. உரியுது. அதே விரல்."

டாக்டரம்மா இரண்டு கையையும் பார்த்தார். தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லை. இந்தக் காய்ச்சல் வந்து போனா கொஞ்ச நாள் கழிச்சு விரல் நுனி இப்படி உரியும். பழைய தோல் போய்ப் புதுத் தோல் வருது, அவ்வளவுதான். பிச்சு இழுக்காம இருக்கட்டும். தொண்டை சுத்தமா இருக்கு. இனிமே இதுக்காக வர வேண்டாம்." பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, உங்க ரெண்டு பேருல யாருக்கு வெள்ளை அடிச்சாங்க?"

அப்போதுதான் அவன் குனிந்து பார்த்தான். வாலு அவன் மடியில் உட்கார்ந்திருந்தாள். அவன் சட்டைத் தூசியெல்லாம் அவள் கன்னத்தில், முடியில், கழுத்தில். சட்டைக் கழுத்தை மெல்ல விலக்கிப் பார்த்தான். சிவப்பு இல்லை. முதுகுக்குள் கையை விட்டுத் தடவினான். நீளமாக, மேலிருந்து கீழாக, ஒரு சுவரைத் தடவுகிற மாதிரியே தடவினான்.

"எத்தனாம் நம்பர்ப்பா?" என்றாள் வாலு.

"நம்பரே இல்லடி. வழுவழுன்னு இருக்கு" என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அண்ணி டாக்டரம்மாவின் மேஜையில் இருந்த டிஷ்யூவை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் விட்ட வேலையை முடித்துவிட்டு அவன் வாசல் வழியாகவே, வேலை உடுப்போடு வந்தான். கையில் ஒரு மூடி. வெளிர் மஞ்சள், தண்ணீரில் கரைகிற பெயிண்ட். வாலு வெள்ளைக் கதவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என் பழைய விரலெல்லாம் எங்க?"

"எங்கயும் போகல கண்ணு. உள்ளதான் இருக்கு. பிரைமருக்கு அடியில."

"நாய் வீடும்?"

"நாய் வீடும் இருக்கு."

வெள்ளைக் கதவை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு விரலைத் தோய்த்து அழுத்தினாள். பாதித் தோல் உரிந்த விரல் ஆனதால் பதிவு அரைகுறையாக விழுந்தது. நடுவில் ஒரு ஓட்டை.

"சரியா விழலப்பா."

"விரல் ஆறட்டும். ரெண்டாவது கோட் வச்சுக்கலாம்" என்றான். "சோப்பு போட்டுக் கழுவுங்க ரெண்டு பேரும்!" என்று அண்ணி உள்ளேயிருந்து கத்தினாள். அவன் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.